வேட்டை நாயின் வீச்சும் விடாப்பிடியும்

ஆரணிப் பட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலைத் தொடரின் அடிவாரத்தில் சந்தவாசல் என்ற ஊர் உள்ளது. சம்புவராய மன்னர்களின் தலைநகரமாக விளங்கிய படவேடு அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. இந்தப் பகுதியில் வீடுகளில் தறி ஓசை கேட்கும். வெளியே வந்தால் நெல், கரும்பு, வாழை, வேர்க்கடலை. வேர்க்கடலையை இங்கே மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வார்கள். மல்லாட்டை முற்றும் பருவத்தில் காட்டுப் பன்றிகள் இரவில் மலையிலிருந்து இறங்கி வரும். மூக்கால் மண்ணைக் கிளறி, செடியைப் புரட்டி, ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பைப் பாழாக்கிவிடும்.

ஆகவே மலையோரச் சிற்றூர்களில் நாயைப் பற்றிய பேச்சுக்குக் குறைவிருக்காது. "எங்க நாய் ஏரிக்கரை தாண்டிப் போய்த் தேடும்" என்பார் ஒருவர். "எங்க நாய் ஒரு முறை மோப்பம் பிடிச்சா, விடவே விடாது" என்பார் மற்றொருவர். முதலாமவர் சொல்வது நாயின் வீச்சு. அதாவது, தன்னை விட்டவரிடமிருந்து எவ்வளவு தொலைவு வரை சென்று தேடும் என்பது. இரண்டாமவர் சொல்வது விடாப்பிடி. அதாவது, கண்டுபிடித்த தடத்தை எவ்வளவு நேரம் கைவிடாமல் பின்பற்றும் என்பது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பன்றி வேட்டைக்கு நாய் வளர்ப்பவர்களும் தங்கள் நாய்களை இந்த இரண்டு குணங்களைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள்.

ஒன்று தொலைவு; மற்றொன்று நேரம். இரண்டும் அளக்கக் கூடியவை. அளக்கக் கூடிய எதுவும் இயற்பியலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது அல்லவா? வாருங்கள், இவற்றை எப்படி அளப்பது, அளந்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

முதலில் சட்டம்

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் நாட்டில் காட்டுப் பன்றியை நாய் விட்டு வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. விரட்டிப் பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் வேட்டை என்றே கொள்கிறது. பயிர்ச் சேதம் மிகுந்ததால் தமிழக அரசு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறையை அறிவித்தது. ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டிலேயே விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். இந்தப் பணி வனத்துறையினருடையது; நமக்கோ நம் நாய்க்கோ அதில் இடமில்லை.

அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் மட்டும் ஏன் அனுமதிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாடுகளில் பன்றி இயற்கையாகத் தோன்றிய விலங்கன்று. ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டு சென்றது. நம் நாட்டிலோ அது காட்டின் பழங்குடி. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை.

அப்படியானால் நாயின் வீச்சையும் விடாப்பிடியையும் நாம் ஏன் அளக்க வேண்டும்? வயலைக் காவல் காக்கும் நாய்க்கும் இதே இரண்டு குணங்கள்தாம் தேவைப்படுகின்றன; ஆனால் வேறு அளவில். அந்த அளவு தவறினால் பயிருக்கோ, காட்டுக்கோ, நாயின் உயிருக்கோ கேடு வரும்.

தமிழ்நாட்டின் வேட்டை நாய்கள்

தமிழகத்துக்கெனத் தனி நாய் இனங்கள் உண்டு. இராசபாளையம் நாய் வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அதன் படத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் கட்டுடல் கொண்டது. இவ்விரண்டும் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றவை. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையவை. கண்ணால் கண்டு, பாய்ந்து சென்று முயலைப் பிடிப்பதில் வல்லவை. கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு வேகம் மிகுதி, ஓட்டமோ குறுகியது. மூக்கால் தேடும் நாய்க்கு வேகம் குறைவு, ஓட்டம் நீண்டது.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நாய்க்குப் பழம் பெருமை சொல்லும் சான்று ஒன்றும் இருக்கிறது. எடுத்தனூரில் உள்ள நடுகல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. விட்டு ஓடாமல் நின்ற நாய்க்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் கல் எடுத்திருக்கிறார்கள். விடாப்பிடி என்ற குணத்தை அவர்கள் எவ்வளவு உயர்வாக மதித்தார்கள் என்பதை இதனால் அறியலாம்.

வீச்சு என்றால் எது?

ஒரு பட்டுத் தறியை நினைத்துக் கொள்ளுங்கள். நாடா பாவின் குறுக்கே இப்படியும் அப்படியும் ஓடுகிறது. புடவையின் நீளம் ஏறத்தாழ 5½ மீட்டர்; அகலம் 1.2 மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 20 ஊடை என்று வைத்துக்கொண்டால், முழுப் புடவைக்கு 11,000 ஊடை. ஆகவே நாடா ஓடிய மொத்தத் தொலைவு 13 கி.மீ.க்கும் மேல்! ஆனால் துணி வளர்ந்ததோ 5½ மீட்டர்தான்.

நாயும் இப்படித்தான். அது நேர்கோட்டில் தேடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தேடுகிறது. கடந்த தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். நாய் 6 கி.மீ. ஓடியிருக்கலாம், ஆனால் உரிமையாளரிடமிருந்து 500 மீட்டருக்கு அப்பால் போகாமலே இருந்திருக்கலாம். வீச்சு என்பது இந்த 500 மீட்டர், 6 கி.மீ. அன்று. "எங்க நாய் ஆறு மைல் ஓடும்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது உழைப்பை, வீச்சை அல்ல.

வீச்சு பெரிதாக இருந்தால் நல்லது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாய் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடித் தேடுகிறது என்றும், அது செல்லும் பாதையின் இரு பக்கமும் சேர்த்து 50 மீட்டர் அகலத்துக்குள் உள்ள வாசனையை அது தவறவிடாது என்றும் கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் அது தேடி முடிக்கும் பரப்பு 10 × 0.05 = 0.5 சதுர கி.மீ. வீச்சு 400 மீட்டர் என்றால் அந்த வட்டத்தின் பரப்பும் ஏறத்தாழ 0.5 சதுர கி.மீ.தான். எனவே ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வீச்சு 800 மீட்டர் ஆனால் பரப்பு இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. அதே நாய்க்கு நான்கு மணி நேரம் தேவைப்படும்! நான்கு மணி நேரம் அதே வேகத்தில் ஓடித் தேடுவது எல்லா நாய்க்கும் இயலாது. எனவே அது இடையிடையே இடைவெளி விட்டு, மேலோட்டமாகத் தேடிவிட்டு வரும். தொலைவு போகும் நாய் அருகில் உள்ளதைத் தவறவிடுவது சோம்பலால் அன்று. ஆரத்தின் இருமடி செய்யும் வேலை அது.

மூக்கும் காற்றும்

வீச்சு நாயின் மனத்தில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. நாயின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் இருபது கோடி அளவில் உள்ளன. நமக்கு அறுபது இலட்சம் அளவே. மோந்து பார்க்கும்போது நாய் ஒரு விநாடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை இழுக்கும். வெளிவிடும் காற்றோ மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே முன்னே வரும் புது வாசனை கலைவதில்லை. என்ன அழகான அமைப்பு!

ஆனால் மூலக்கூறு மூக்கை வந்தடைய வேண்டுமே? அசையாத காற்றில் வாசனை மூலக்கூறுகள் விரவிப் பரவும் வேகம் மிகமிகக் குறைவு. விரவல் எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், காற்று சற்றும் அசையாத ஓர் இடத்தில் வாசனை 1 மீட்டர் பரவ ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். இங்கும் இருமடி விதிதான். 10 மீட்டர் பரவ நூறு மடங்கு, அதாவது 58 நாள்! ஆனால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினால் அதே வாசனை 100 மீட்டரை 50 விநாடியில் கடந்துவிடுகிறது. எனவே வாசனையைச் சுமந்து வருவது விரவல் அன்று, காற்றோட்டமே.

அனுபவம் உள்ள நாய் இதை அறிந்திருக்கிறது. அது காற்றுக்குக் குறுக்கே ஓடும். காற்று பாவு போல. நாயின் ஓட்டம் ஊடை போல. குறுக்கே ஓடும்போது எந்தப் பாவு இழையில் பன்றியின் வாசனை வருகிறதோ அந்த இழையைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து ஏறும்.

மலையடிவாரத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரவில் மலைச் சரிவு விரைவில் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, கீழ் நோக்கி வழிகிறது. பகலில் வெயில் பட்டதும் சரிவு சூடாகி, காற்று மேல் நோக்கி ஏறுகிறது. எனவே சந்தவாசல் போன்ற ஊரில் இரவில் மலையின் வாசனை வயலுக்கு வருகிறது. பகலில் வயலின் வாசனை மலைக்குப் போகிறது. ஒரே நாய் விடியற்காலையில் மலைப் பக்கம் வெகு தொலைவு மோப்பம் பிடிக்கும். நண்பகலில் அதே பக்கம் ஒன்றும் தெரியாமல் திரும்பும். ஒரு நாயை விடியற்காலையிலும் இன்னொரு நாயை நண்பகலிலும் ஓடவிட்டு, "இதுதான் சிறந்தது" என்று தீர்ப்புச் சொன்னால், நாம் மதிப்பிட்டது நாயை அன்று; காற்றை!

குரைப்பொலியைக் கொண்டு தொலைவை அளத்தல்

நாய் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கும்போது அதன் வீச்சை எப்படி அறிவது? பழங்காலந்தொட்டு இதற்குப் பயன்பட்டது காதுதான். ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு பத்து மடங்கானால் ஒலி 20 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 டெசிபல் உள்ள குரைப்பு 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60, 1,000 மீட்டரில் 40 டெசிபல். இது வெட்டவெளிக் கணக்கு. மரமும் புதரும் இடையே இருந்தால் இன்னும் குறையும். ஆயினும் அமைதியான இரவில் 40 டெசிபலைக் கேட்கலாம். மேலும், இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருப்பதால் ஒலிக்கதிர்கள் கீழ் நோக்கி வளைகின்றன. பகலில் கேட்காத ஒலி இரவில் கேட்பதன் காரணம் இதுவே.

ஆனால் ஒலியின் அளவை மட்டும் வைத்துத் தொலைவைச் சொல்வது ஏமாற்றம் தரும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு பேர் 200 மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். இருவரையும் இணைக்கும் கோடு அடிக்கோடு. குரைப்பு வரும் திசையை இருவரும் ஒரே நேரத்தில் குறித்துக் கொள்ளுங்கள். ஒருவருக்கு அடிக்கோட்டிலிருந்து 90 பாகையும், மற்றவருக்கு 76 பாகையும் என்றால், நாய் உள்ள தொலைவு 200 × டான்ஜென்ட் 76 பாகை = 802 மீட்டர்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. காதால் திசையைச் சொல்வதில் 2 பாகை பிழை நேர்வது எளிது. 76க்குப் பதில் 74 என்றால் தொலைவு 697 மீட்டர். 78 என்றால் 941 மீட்டர்! கோணத்தில் சிறு பிழை; தொலைவில் பெரும் பிழை. அடிக்கோட்டை நீட்டினால் பிழை குறையும். நில அளவையாளர்கள் நீண்ட அடிக்கோட்டை எடுப்பது இதனால்தான்.

இப்போது கழுத்துப் பட்டையில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவிகள் வந்துவிட்டன. நாய் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தோடு காட்டுகின்றன. இதிலும் எச்சரிக்கை வேண்டும். கருவி நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் இடத்தைக் குறித்தால், நாய் வளைந்து வளைந்து ஓடிய பாதையை நேர்கோடாக எண்ணி, கடந்த தொலைவைக் குறைத்துக் காட்டும். விநாடிக்கு ஒரு முறை குறித்தால், நாய் மரத்தடியில் படுத்திருக்கும்போதும் சில மீட்டர்ப் பிழைகள் ஒன்றுசேர்ந்து, அது நடந்து கொண்டிருப்பதாகக் காட்டும். கருவி எதுவாயினும் அதன் பிழையை அறிந்த பின்பே எண்ணை நம்ப வேண்டும்.

விடாப்பிடியை அளப்பது எப்படி?

கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கருத்து இங்கும் உதவுகிறது. ஒரு நாயை 16 முறை வாசனைத் தடத்தில் விட்டுப் பார்ப்பதாக வைத்துக் கொள்வோம். (பன்றியைத் தேட வேண்டியதில்லை, வாசனை ஏற்றிய துணியை வயலில் இழுத்துச் சென்று தடம் போடலாம்.) 10 நிமிடம் கழித்து 8 முறை அது தடத்திலேயே இருந்தது, 20 நிமிடம் கழித்து 4 முறை, 30 நிமிடம் கழித்து 2 முறை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பாதியாகக் குறைகிறது. இந்த நாயின் அரை ஆயுட்காலம் 10 நிமிடம்.

மற்றொரு நாயை எடுத்துக் கொள்வோம். 25 நிமிடம் வரை 16 முறையும் தடத்திலேயே இருந்தது. பிறகு 30 நிமிடத்துக்குள் 16 முறையும் நின்றுவிட்டது.

இந்த இரண்டு நாய்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன? முதல் நாய் எந்த நிமிடத்திலும் தடத்தைத் தவறவிடலாம். அதற்கான வாய்ப்பு தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கதிரியக்க அணு வயதாகிச் சிதைவதில்லை அல்லவா? அதுபோலவே. இந்த நாய் களைப்பால் நிற்கவில்லை. வாசனையை இழந்து நிற்கிறது. இதற்குத் தேவை மோப்பப் பயிற்சி. இரண்டாம் நாய்க்கு மூக்கில் குறையில்லை. 25 நிமிடத்துக்குப் பின் உடல் இடங்கொடுக்கவில்லை. இதற்குத் தேவை உடற்பயிற்சி, இல்லையேல் ஓய்வு. "சராசரியாக எத்தனை நிமிடம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. சராசரியைவிட, எண்கள் எப்படிக் குறைகின்றன என்ற வடிவமே மிகுதியாகப் பேசுகிறது.

இரண்டு விதிகளை மறவாதீர்கள். நாய் ஏன் நின்றது என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். நீங்களே 30ஆம் நிமிடத்தில் கூப்பிட்டுக் கொண்டால், அதன் விடாப்பிடி 30 நிமிடம் என்று பொருளன்று. "30 நிமிடத்துக்குக் குறையாது" என்றே பொருள். அடுத்து, ஒரே ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோதனைகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால்தான் சராசரியின் ஐயப்பாடு பாதியாகும்.

நாய் ஒரு வெப்ப எந்திரம்

இரண்டாம் நாய் 25ஆம் நிமிடத்தில் ஏன் நின்றது? இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி.

25 கிலோ எடையுள்ள ஒரு நாய் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் உடல் செலவிடும் திறன் ஏறத்தாழ 400 வாட். ஐந்து மின் விசிறிகள் ஒன்றாக ஓடுவது போல! இதில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 ஜூல். 25 கிலோ உடலை 1 பாகை சூடேற்ற 87,500 ஜூல் போதும். வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்றால், 219 விநாடியில், அதாவது நான்கு நிமிடத்துக்குள்ளாகவே, உடல் வெப்பநிலை 1 பாகை ஏறிவிடும். நாயின் இயல்பான வெப்பநிலை 38.5° செ. அளவு. 11 நிமிடத்தில் அது 41.5° செ. ஆகிவிடும். 41 பாகையைத் தாண்டி வெப்பநிலை நீடித்தால் மூளையும் சிறுநீரகமும் பழுதுபடும். நாய் இறக்கவும் கூடும்.

நல்லவேளையாக வெப்பம் வெளியேறவும் செய்கிறது. காற்று 20 பாகையில் இருந்தால் உடலுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 18 பாகைக்கு மேல். 30 பாகையில் இந்த வேறுபாடு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கோடைப் பகலில் வெப்பநிலை 40 பாகையைத் தொடும்போது உடலைவிடக் காற்றே சூடு. வெப்பம் வெளியே போவதற்கு மாறாக உள்ளே வருகிறது! போதாக்குறைக்கு நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் கொட்டுகிறது. கறுத்த மயிர் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக் கொள்ளும். வெண்மயிர் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும்.

அப்போது மிஞ்சியிருப்பது ஒரே வழி: நீர் ஆவியாதல். மனிதனுக்கு உடல் முழுதும் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் தவிர வியர்வை பெரும்பாலும் இல்லை. அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 400 வாட்டையும் இந்த வழியிலேயே அகற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 10 கிராம், மணிக்கு 600 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அரை லிட்டருக்கு மேல்! குடிக்க நீர் இல்லாத நாய் இதை எங்கிருந்து கொண்டுவரும்? மழைக்காலத்தில் வெயில் குறைவு. ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் நாக்கு உலர்வதில்லை. நாய் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவே.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். இரைக்கும் நாய் வாய் வழியே மூச்சு விடுகிறது. சரியாக மோந்து பார்க்க அதனால் முடியாது. உடல் சூடானால் மூக்கும் மங்குகிறது. ஆகவே விடாப்பிடி குறையும்போது வீச்சும் குறைகிறது. இரண்டும் தனித்தனிக் குணங்கள் என்று நாம் தொடக்கத்தில் எண்ணினோம். வெப்பம் அவற்றை ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது.

பன்றியின் நிலை என்ன? அதற்கும் வியர்வை வழியில்லை. அதனால்தான் அது சேற்றில் புரளுகிறது. உடலில் அப்பிய சேறு மெல்ல மெல்லக் காய்ந்து, நெடுநேரம் அதைக் குளிர்விக்கிறது. குறுகிய தொலைவுக்கு மணிக்கு 40 கி.மீ. அளவு வேகத்தில் ஓடி, பிறகு புதரை முதுகில் வைத்துத் திரும்பி நிற்பது அதன் வழக்கம். அப்போது அதன் கோரைப் பற்களின் எதிரே நிற்பது, 400 வாட் வெப்பத்தோடு ஓடிவந்து களைத்துப்போன நாய். பன்றி நாயின் வயிற்றைக் கிழித்துவிடுவது இத்தகைய நேரத்தில்தான்.

எனவே "விடவே விடாது" என்ற பாராட்டை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். தானாக நிற்கத் தெரிந்த நாய் உயிரோடு திரும்புகிறது. நிற்கத் தெரியாத நாயை நிறுத்த வேண்டியது மனிதனின் கடமை. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்குதல், தள்ளாடுதல், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராமை ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுதும் நீரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். விசிறினால் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாதல்தான் மருந்து என்பது இப்போது உங்களுக்குத் தெரியுமே! பிறகு தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எந்த நாய் நல்ல நாய்?

இனி மலையடிவாரத்து வயலுக்குத் திரும்புவோம். ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 300 மீட்டரில் ஒருவருடைய மல்லாட்டை வயல் இருக்கிறது என்று கொள்வோம். 1 கி.மீ. வீச்சுள்ள நாய் அவருக்கு ஏற்றதா? இல்லை. அது ஒவ்வோர் இரவும் காட்டுக்குள் 700 மீட்டர் போய்விடும். அங்கே மானையும் முயலையும் துரத்தும். ஊர் நாயின் நோய்களைக் காட்டு விலங்குகளுக்குக் கொண்டு செல்லும். உரிமையாளர் மீது வழக்கும் வரலாம். அவருக்கு வேண்டியது வயலின் வரப்பு வரை வீச்சுள்ள நாய். பன்றியின் வாசனை காற்றில் வந்ததும் குரைத்து ஆளை எழுப்பும் நாய். கூப்பிட்டால் திரும்பும் நாய்.

இங்கே செவியும் முக்கியம். வெண்ணிறமும் பிறவிச் செவிடும் சில நாய்களில் சேர்ந்து காணப்படுகின்றன. இராசபாளையம் இனத்திலும் இது உண்டு. குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. காது கேளாத நாயை எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் திருப்ப முடியாது அல்லவா?

ஆகவே, வீச்சு மிகுந்த நாய்தான் நல்ல நாய் என்றோ, விடாப்பிடி மிகுந்த நாய்தான் நல்ல நாய் என்றோ சொல்லிவிட முடியாது. எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எந்த வெயிலில் என்று கேட்ட பிறகே விடை சொல்ல வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு நாயைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். காலை வேளையில் பள்ளி மைதானம் போன்ற பாதுகாப்பான ஓர் இடத்தில் உங்கள் நண்பரை ஒளிந்துகொள்ளச் செய்யுங்கள். முதலில் 20 மீட்டர், பிறகு 40, பிறகு 80. ஒரு நூலிழையைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றின் திசையைக் குறியுங்கள். நண்பர் காற்று வரும் பக்கம் ஒளிந்தபோது நாய் எடுத்துக்கொண்ட நேரத்தையும், எதிர்ப்பக்கம் ஒளிந்தபோது எடுத்துக்கொண்ட நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு முறையாவது செய்யுங்கள். இடையே நாய்க்கு நீர் கொடுங்கள். இரைக்கத் தொடங்கினால் அன்றைய சோதனையை நிறுத்திவிடுங்கள். வெயில் ஏறிய பின் செய்யவே கூடாது.

பிறகு எண்களை வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். உங்கள் நாயின் வீச்சில் எவ்வளவு அதன் மூக்குக்குச் சொந்தம், எவ்வளவு காற்றுக்குச் சொந்தம் என்பது உங்களுக்கே விளங்கும்.